கோத்தகிரியில் ஒரு சிறு இசை லேபிள்: பதினான்கு பாட்டிலிருந்து முப்பத்தாறு வரை

பின்னணி

நீலகிரி மாவட்டத்தின் கோத்தகிரி வட்டாரத்தில் பாட்டுக்கு இரண்டு பெரிய ஊற்றுகள் உண்டு. ஒன்று, ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்கள். கல்யாணம், ஹெத்தையம்மன் பண்டிகை என்று எது நடந்தாலும் ஆட்டமும் அதற்கேற்ற பாட்டும் இருக்கும். இன்னொன்று, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. இன்றைய டான்டீ அதுதான். அப்படி வந்த குடும்பங்களோடு காமன் கூத்துப் பாட்டும் தாலாட்டும், காலையில் வேலைக்கு ஆள் கூட்ட அடிக்கும் பறையான பெரட்டுத் தப்பும் வந்து சேர்ந்தன.

இந்த ஆய்வில் வரும் லேபிளை, அதாவது பாட்டைப் பதிந்து வெளியிடும் நிறுவனத்தை, இரண்டு பேர் தொடங்கினார்கள். ஒருவர் சென்னையில் ஒலிப்பதிவு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய படுக இளைஞர். மற்றவர் தாயகம் திரும்பிய குடும்பத்தில் பிறந்து, பாட்டுகளை நோட்டில் எழுதிச் சேர்த்துவந்த பள்ளி ஆசிரியை. முதலீடு ₹2.8 லட்சம். அதில் பாதிக்கு மேல் கருவிகளுக்குப் போனது: எட்டு உள்ளீடுள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், பெரிய டயஃப்ரம் கண்டென்சர் மைக் ஒன்று, டைனமிக் மைக் மூன்று, மூடிய ஹெட்ஃபோன் நான்கு, பழைய லேப்டாப் ஒன்று.

அதற்கு முன் இந்த வட்டாரத்தில் பாட்டு விற்ற விதத்தையும் சொல்லியாக வேண்டும். முதலில் கேசட், பிறகு சிடி. அதன்பின் மொபைல் கடைக்காரர் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்துக் காசு வாங்குவார். அந்தக் காசில் பாடியவருக்கு ஒரு பைசா போனதில்லை. யாரும் ஏமாற்றவேண்டும் என்று செய்ததும் இல்லை. கணக்கு என்ற ஒன்றே அங்கு கிடையாது. லேபிளின் பிற்காலச் சிக்கல்கள் எல்லாமே இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

முதல் ஆண்டு: கூரையும் ஈரமும் தப்பும்

பதிவு அறை தகரக் கூரை போட்ட பழைய கிடங்கு. சுவரில் கம்பளியும் தேயிலைச் சாக்கும் தொங்கவிட்டதில் எதிரொலி அடங்கியது. மழைச் சத்தம் அடங்கவில்லை. கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழையும் கனமாக இருப்பதால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பதிவு அடிக்கடி நின்றது. கூரைக்கு அடியில் தென்னைநார் விரிப்பு கட்டிப் பார்த்தார்கள். உச்ச அதிர்வெண் சத்தம் கொஞ்சம் குறைந்ததே தவிர, தகரத்தின் அதிர்வு அப்படியே இருந்தது. கூரையே அதிரும்போது உள்ளே எதைக் கட்டினாலும் பெரிய பயன் இருக்காது. கூரையிலிருந்து விலகி நிற்கும் கனமான இரண்டாம் தட்டு வேண்டும். அதற்கான செலவைக் கணக்கிட்டபின் கான்கிரீட் தளம் போட்ட வேறு அறைக்கு வாடகை கொடுப்பதே மலிவு என்று முடிவெடுத்தார்கள். சரியான முடிவு. ஆனால் எட்டு மாதம் தாமதமாக எடுத்தது.

ஈரம் வேறு வகையில் தொல்லை கொடுத்தது. கண்டென்சர் மைக்கின் உட்பகுதியில் ஈரம் படிந்தால் பதிவில் ‘படபட’ என்று பொரியும் சத்தம் வரும். பாடகர் வாய் அருகே இருப்பதால் வருகிறது என்று முதலில் நினைத்து பாப் ஃபில்டரை மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. மைக்கைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு நாள் வைத்தபின் போய்விட்டது. அன்றிலிருந்து டப்பாவுக்குள் ஈரப்பதமானி ஒன்று. 45 சதவீதத்துக்கு மேல் போனால் ஜெல்லை வெளியே எடுத்துச் சூடாக்கி மறுபடி வைப்பார்கள்.

தப்புப் பதிவுதான் அதிகம் கற்றுக்கொடுத்தது. தோலைத் தீயில் காய்ச்சித்தான் அடிப்பார்கள். சமவெளியில் ஒருமுறை காய்ச்சினால் நெடுநேரம் நிற்கும் கிண்ணென்ற சத்தம், இங்கே பனிமூட்டத்தில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தொய்ந்துவிடும். முதல் டேக்கிலும் (டேக் என்பது ஒருமுறை தொடர்ந்து எடுக்கும் பதிவு) நான்காவது டேக்கிலும் தப்பின் சுருதி வெவ்வேறாக இருந்ததால் ஒன்றின் முதல் பாதியையும் இன்னொன்றின் பின்பாதியையும் ஒட்ட முடியவில்லை. ஒட்டிய இடம் காதுக்குத் தெரிந்தது. அதனால் முறையை மாற்றினார்கள். அறைக்கு வெளியே தீ, ஒவ்வொரு டேக்குக்கும் முன் காய்ச்சல், ஒரு டேக் ஆறு நிமிடத்துக்கு மேல் போகாது. பாடகரின் குரலைத் தப்போடு சேர்த்து நேரடியாக எடுக்காமல், தப்பின் முழு டேக் ஒன்றைத் தேர்ந்தபின் அதன்மேல் பாடவைத்தார்கள். மைக்கைத் தோலுக்கு மிக அருகில் வைத்தால் அடிக்குச்சியின் தடித்த அடி மட்டும் கேட்கும். சிண்டுக்குச்சியின் மெல்லிய விரைவு காணாமல் போகும். ஒரு டைனமிக் மைக்கை முன்பக்கம் சுமார் ஒரு மீட்டர் தள்ளியும், இன்னொன்றைச் சிண்டுக்குச்சி விழும் விளிம்பை நோக்கியும் வைத்தபின் இரண்டும் தெளிந்தன.

வெளியீட்டுக்கு முன் ஒலியைச் சீராக்கும் மாஸ்டரிங்கில் ஆரம்பத்தில் எல்லாப் பாட்டையும் −9 எல்யூஎஃப்எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்கு உரக்க ஏற்றினார்கள். ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் ஏறத்தாழ −14க்கு இறக்கித்தான் ஒலிக்கவிடும். விளைவு: உச்சத்தை அடக்கும் லிமிட்டர் தப்பின் அடியை நசுக்கியது, இறக்கியபின் பாட்டு பக்கத்துப் பாட்டைவிடச் சப்பையாகக் கேட்டது. பின்னர் −13க்கும், உச்சம் −1 டிபிக்கும் கீழே நிறுத்தினார்கள். கல்யாண வீட்டு ஸ்பீக்கருக்கென்று தனியாக, சற்று உரத்த பிரதி ஒன்றும் வைத்துக்கொண்டார்கள்.

வெளியீடும் பெயர்க் குழப்பமும்

முதல் ஆண்டில் பதினான்கு பாட்டு வெளிவந்தன. ஆண்டுச் சந்தா வாங்கிக்கொண்டு பாட்டை இசைத் தளங்களில் ஏற்றித் தரும் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக எல்லாத் தளங்களுக்கும் போயின. சந்தா முறையில் செலவு குறைவு போலத் தெரியும். சந்தா நின்றால் பாட்டும் இறங்கிவிடும் என்பதும் அதன் விலையில் சேர்ந்ததே.

பாடகர் ஒருவரின் பெயரை ரோமன் எழுத்தில் மூன்று விதமாக எழுதிப் பதிவேற்றியதால் அவருக்கு மூன்று கலைஞர் பக்கங்கள் உருவாயின. கேட்டவர்கள் மூன்றாகப் பிரிந்தார்கள். ஒன்றைப் பின்தொடர்ந்தவருக்கு மற்ற இரண்டின் புதுப்பாட்டு போய்ச் சேரவில்லை. மொழிப் பட்டியலிலும் சிக்கல். படுக மொழிக்கு ‘பிஎஃப்க்யூ’ என்ற தனிக் குறியீடு உலகத் தர அட்டவணையில் இருந்தாலும், அந்த டிஸ்ட்ரிபியூட்டரின் பட்டியலில் அந்த மொழி இல்லை. தமிழ் என்று குறித்தார்கள். புதிய பாட்டு தமிழ்ச் சினிமாப் பாட்டு கேட்பவர்களிடம் போய் நின்றது. அவர்கள் பத்து நொடியில் தள்ளிவிட்டார்கள். ஸ்பாட்டிஃபையில் 30 நொடி கேட்டால்தான் ஒரு கேட்பு. தள்ளப்பட்டவை எதுவும் கணக்கில் ஏறவில்லை.

இந்த ஆண்டில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய பாட்டுகளையும் குறிப்பிட வேண்டும். சினிமா மெட்டில் படுகச் சொற்களைப் போட்டுப் பாடிய பதிவுகள் நிறைய வந்தன. மேடையில் ஆடுவதற்கு அவை நல்ல பாட்டுகள்தான். ஆனால் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் கவர் பதிவுக்கு (ஒருவர் பாட்டை இன்னொருவர் பாடிப் பதிவதற்கு) வழிவிடும் 31சி பிரிவு, மூலப்பாட்டு பதிவாகி ஐந்தாண்டு ஆன பின்னரே பொருந்தும். பாட்டை மாற்ற இடம் தராது. ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியை முன்பணமாகக் கேட்கும். சொல்லையே மாற்றிய பாட்டுக்கு அந்த வழி அடைபட்டது. ஒலிப்பதிவாளரின் நண்பர்கள் சிலர் இதனால் முகம் திருப்பிக்கொண்டார்கள்.

ஒரு பாட்டு ஓடியபோது

இரண்டாம் ஆண்டின் நடுவில் பட்டியல் இருபத்தேழு பாட்டாக வளர்ந்திருந்தது. அதில் ஓர் ஆட்டப் பாட்டு கல்யாண ரீல்களில் பிடித்துக்கொண்டது. கோவை, பெங்களூரு என்று வேலைக்குப் போன படுக இளைஞர்கள் அதைப் பரப்பினார்கள். லேபிள் தொடங்கியதிலிருந்து வந்த மொத்த வருமானத்தைவிட அந்தப் பாட்டு மூன்று மாதத்தில் கொண்டுவந்தது அதிகம். மூன்று சிக்கல்களும் அதே மூன்று மாதத்தில் வந்தன.

முதலாவது, யூடியூபில் லேபிளின் சொந்த வீடியோமேலேயே வேறொருவரின் கன்டென்ட் ஐடி (பதிந்த ஒலி எங்கே வந்தாலும் கண்டுபிடிக்கும் யூடியூப் ஏற்பாடு) உரிமைகோரல் விழுந்தது. பாட்டின் அடித்தாளம் ஒரு லூப் (திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் ஆயத்தத் தாளத் துண்டு) தொகுப்பிலிருந்து எடுத்தது. காசு கொடுத்து வாங்கிய லூப்தான்; ஆனால் அதையே ஆயிரம் பேர் வாங்கலாம். அவர்களில் ஒருவர் தன் பாட்டைக் கன்டென்ட் ஐடியில் பதிந்திருந்தார். ஒலியின் ரேகையை ஒப்பிடும் இயந்திரத்துக்கு யார் முதலில் வாங்கினார் என்பது தெரியாது. தனக்கு மட்டுமே உரிய ஒலியைத்தான் அங்கே பதியலாம் என்ற விதியை அந்த ஆளும் மீறியிருந்தார், லேபிளும் மீறியிருந்தது. லேபிளும் அதே பாட்டைப் பதிந்து வைத்திருந்ததுதான் அந்த வழக்கின் சங்கடம்.

இரண்டாவது அதைவிட வலித்தது. லேபிளின் பெயரில் போன உரிமைகோரல், பாடகரின் சித்தப்பா மகள் கல்யாண வீடியோவின் விளம்பர வருமானத்தை எடுத்துக்கொண்டது. “நம்ம பாட்டுக்கு நம்மகிட்டயே வாங்குறீங்களா அண்ணா?” என்று அந்தப் பெண் ஒலிப்பதிவாளரைக் கேட்டதை ஊரே பேசியது.

மூன்றாவது, ஒரு படத் தயாரிப்பு நிறுவனம் அந்தப் பாட்டை ஒரு காட்சியில் பயன்படுத்த ₹1.5 லட்சம் தருவதாகச் சொல்லி, நான்கு நாளில் உரிமை ஆவணங்களைக் கேட்டது. பாடியவர், மெட்டமைத்தவர் இருவரின் கையெழுத்தும் இருந்தது. எழுதியவரோடு பேச்சு மட்டும்தான் நடந்திருந்தது. காகிதம் எதுவும் இல்லை. அவர் அப்போது வேலைக்காகக் குவைத்தில் இருந்தார். போனில் சம்மதம் சொன்னார். நிறுவனத்தின் வழக்கறிஞருக்கு அது போதவில்லை. உரிமையை எழுதித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும், உரிமமும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். வாய்ப்பு போய்விட்டது.

ஏழு மாத நிறுத்தம்

அடுத்த பாட்டைச் சூட்டோடு வெளியிட வேண்டும் என்றார் ஒலிப்பதிவாளர். ஒரு பாட்டு ஓடும்போது அடுத்தது வராவிட்டால் கேட்டவர்கள் கலைந்துவிடுவார்கள் என்பது அவருடைய வாதம். அதில் உண்மை இருந்தது. ஆசிரியையின் கணக்கு வேறு. இருபத்தேழு பாட்டில் எத்தனைக்கு எழுத்து ஆவணம் முழுதாக இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார்: ஒன்பது. மீதிப் பதினெட்டில் எது ஓடினாலும் இதே கதை மறுபடி நடக்கும். ஓடாவிட்டால் சிக்கலே இல்லை, ஆனால் ஓடக்கூடாது என்று வேண்டிக்கொண்டு யாரும் பாட்டு வெளியிடுவதில்லை. கடைசியில் புதுப் பதிவு, வெளியீடு இரண்டையும் நிறுத்தினார்கள். கன்டென்ட் ஐடி பதிவுகளை முழுதாகத் திரும்பப் பெற்றார்கள். நிறுத்தம் ஏழு மாதம் நீண்டது.

முதலில் செய்தது பாட்டுச் சீட்டு. பாட்டுக்கு ஒரு தாள்: தமிழிலும் ரோமனிலும் ஒரே ஒரு எழுத்துக்கூட்டல், பாடியவர், எழுதியவர், மெட்டமைத்தவர், வாசித்தவர்கள், பதிவு நாள், யாருக்கு எவ்வளவு கொடுத்தது, பங்கு விகிதம், லூப் இருந்தால் அதன் மூலமும் உரிமமும், ஐஎஸ்ஆர்சி எண். பன்னிரண்டு குறிகளால் ஆன அந்த எண்தான் பதிவின் அடையாளம். அதுவரை டிஸ்ட்ரிபியூட்டர் கொடுத்த எண்களையே பயன்படுத்தினார்கள். இனி சொந்த எண் வேண்டும் என்று இந்தியாவில் அதை வழங்கும் ஐஎம்ஐ அமைப்பிடம் பதிவாளர் குறியீடு வாங்கினார்கள். பழைய பாட்டுகளின் எண்ணை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் தளங்கள் அதைப் புதுப்பாட்டாக எண்ணி, பழைய கேட்புகளை விட்டுவிடும்.

ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரை வைத்து இரண்டு பக்கத் தமிழில் எழுதினார்கள். நான்கு விஷயங்களில் அதிக நேரம் செலவானது. காலமும் எல்லையும்: ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் சட்டம் அதை ஐந்தாண்டு என்றும், எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளும். ஆகவே ‘ஏழாண்டு, உலகம் முழுவதும்’ என்று எழுதினார்கள். உரிமையை முழுதாக வாங்காமல் தனியுரிமமாக மட்டும் பெற்றார்கள். ஏழாண்டுக்குப்பின் பதிவு பாடகரிடம் திரும்பும். பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும் என்ற விதியும் உண்டு. வேறு மாதிரி எழுதிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. இவர்கள் அதை மாற்றாமல் விட்டார்கள். பதிவு செய்த பாட்டை அலமாரியில் பூட்டிவைக்கும் சோம்பல் இதனால் லேபிளுக்கு வராது என்பது ஆசிரியையின் எண்ணம்.

எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் 2012 திருத்தம் ஒரு பிடிமானம் கொடுத்திருக்கிறது. அவர்களுடைய ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. ‘ஒரே தொகை, இனி எதுவும் கேட்கமாட்டேன்’ என்ற பழைய வாசகத்தால் இந்த உரிமையைப் பறிக்க முடியாது. லேபிள் அவர்களை அத்தகைய பதிப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் தனித்தனியே உறுப்பினராகச் சேரச் சொல்லி, படிவம் நிரப்ப உதவியது.

செலவுக் கழிப்புதான் சண்டைக்கு விதை என்று தெரிந்திருந்தார்கள். நிகர வருமானத்தில் பாடகருக்குப் பாதி என்று எழுதினால் ‘நிகரம்’ என்பது எது? கழிக்கக்கூடியவை மூன்று மட்டும் என்று பெயர் சொல்லி எழுதினார்கள்: மிக்ஸிங், மாஸ்டரிங், அட்டைப்படம். பாட்டுக்கு ₹9,000க்கு மேல் கழிக்கக்கூடாது. போக்குவரத்து, சாப்பாடு, அறை வாடகை லேபிளின் பாடு.

மரபுப் பாட்டில் எழுதியவர் யார் என்ற கட்டத்தை எப்படி நிரப்புவது என்பது தனிக் கதை. லயத்தில் வாழும் எழுபது வயதைத் தாண்டிய தாலாட்டுப் பாடகி ஒப்பந்தத்தைத் தள்ளிவிட்டார். “எங்க அம்மாயி பாடுனது. அவ எனக்குக் குடுத்தா, நான் ஒனக்குக் குடுக்குறேன். இதுக்கு எதுக்குத் தாயி கையெழுத்து?” ஆசிரியை, “பாட்டி, பாட்டை வாங்குறதுக்கு இந்தத் தாள் இல்ல. நாளைக்கு யாராச்சும் காசு குடுத்தா உங்க கைக்கு வரணும்ல” என்று விளக்கியபின் கைநாட்டு விழுந்தது. அந்த வகைப் பாட்டுகளில் ‘மரபு’ என்று மட்டும் எழுதினார்கள். பதிவின்மேல் மட்டும் லேபிளுக்கு உரிமை, மெட்டின்மேலோ சொல்லின்மேலோ யாருக்கும் கோரிக்கை இல்லை. கன்டென்ட் ஐடியிலும் அவற்றைச் சேர்ப்பதில்லை. ஹட்டியின் பொதுப் பாட்டுகளுக்கு லேபிளின் பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பகுதி ஊர்ப் பொதுநிதிக்கு. எந்தப் பாட்டை வெளியே விடலாம் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டபோது, சாவுச் சடங்கில் சொல்லும் எதையும் பதியக்கூடாது என்றார்கள். அதற்கு முன்பே எடுத்துவைத்திருந்த ஒரு பதிவை அவர்கள் முன்னிலையில் அழித்தார்கள்.

இந்தச் சரிபார்ப்பின் முடிவில் இருபத்தேழில் பத்தொன்பது அப்படியே நின்றன. ஐந்தில் லூப்பை நீக்கி உண்மையான தப்பும் புகிரியும் (படுகர் குழல்) வாசித்துப் புதிதாகப் பதிந்தார்கள். இவை வேறு பதிவாகிவிட்டதால் புது எண் வாங்கியே தீரவேண்டியிருந்தது. பழைய கேட்புகள் போயின. கையெழுத்துக் கிடைக்காத மூன்று பாட்டை இறக்கினார்கள். ஓடிய ஆட்டப் பாட்டு மறுபதிவான ஐந்தில் ஒன்று.

டிஸ்ட்ரிபியூட்டரையும் இதே காலத்தில் மாற்றினார்கள். வரிசை முக்கியம்: அதே ஒலிக் கோப்பு, அதே ஐஎஸ்ஆர்சி, எழுத்துப் பிசகாத அதே தலைப்போடு புது இடத்திலிருந்து அனுப்பி, இரண்டு பிரதியும் தளத்தில் தெரிந்து, கேட்பு எண்ணிக்கை புதியதிலும் ஏறிய பின்னரே பழையதை இறக்கச் சொல்ல வேண்டும். பத்தொன்பதில் பதினெட்டுக்கு இது சரியாக நடந்தது. ஒன்றில் ஒலியின் முடிவில் இரண்டு நொடி வெட்டிய கோப்பை அனுப்பிவிட்டதால் எண்ணிக்கை ஒட்டவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது

மூன்றாம் ஆண்டில் ஆறு பாட்டு, நான்காம் ஆண்டில் ஆறு பாட்டு. வேகம் பாதிக்கும் கீழே குறைந்தது, வருமானம் கூடியது. ஆனால் எதிர்பார்த்த இடத்திலிருந்து அல்ல.

2024 தொடக்கத்தில் ஸ்பாட்டிஃபை ஒரு விதி கொண்டுவந்தது: கடந்த பன்னிரண்டு மாதத்தில் 1,000 கேட்பை எட்டாத பாட்டுக்குப் பதிவு ராயல்டி கிடையாது. அப்போது வெளியில் இருந்த முப்பது பாட்டில் பதினேழு அந்தக் கோட்டுக்குக் கீழே. அதே ஆண்டில் விங்க் மியூசிக் என்ற பாட்டுச் செயலி மூடப்பட்டது. இலவசமாகக் கேட்டுப் பழகிய மலை ஊர்க் கேட்பாளர்கள் பெரும்பாலும் யூடியூபுக்குப் போனார்கள். தளங்களிலிருந்து வரும் பணத்தை வைத்து வாடகை கட்ட முடியாது என்பது அந்த ஆண்டில் உறுதியானது.

வரிப் படிவம் ஒன்று, கைக்கு வந்து சேரும் தொகையைக் கூட்டியது. அமெரிக்காவில் கேட்கப்பட்டதற்கான வருமானத்தில், படிவம் கொடுக்காதவர்களிடம் 30 சதவீதம் வரை பிடிப்பார்கள். இந்தியாவோடு உள்ள வரி ஒப்பந்தத்தின்படி ராயல்டிக்கு 15 சதவீதம் போதும். தனிநபருக்கு டபிள்யூ-8பென், கூட்டு நிறுவனத்துக்கு டபிள்யூ-8பென்-இ. முதல் இரண்டு ஆண்டு யாரும் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை. உள்நாட்டில், கூட்டு நிறுவனம் ஒரு கலைஞருக்கு ஆண்டுக்கு ₹50,000க்கு மேல் ராயல்டி கொடுத்தால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். 2025 ஏப்ரலுக்கு முன் அந்த வரம்பு ₹30,000. ஆட்டப் பாட்டுப் பாடகருக்குப் பிடித்த தொகையை அவர் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெற உதவியதும் லேபிள்தான். அவருக்கு பான் அட்டை எடுப்பதிலிருந்து அந்த வேலை தொடங்கியது.

உண்மையில் லேபிளைத் தாங்கியவை மூன்று: ஆவணப் படங்களுக்கும் விளம்பரத்துக்கும் கொடுத்த உரிமம், பள்ளிக்கும் தேவாலயப் பாடற்குழுவுக்கும் செய்த கூலிப் பதிவு, பென் டிரைவ். உரிமத்தில் வந்த முதல் கோரிக்கைக்கு ஆவணங்கள் கேட்ட அன்று மாலையே போயின. ஒரே பாட்டுச் சீட்டு, மூன்று கையெழுத்து, மின்னஞ்சலில் ஒரு இணைப்பு.

பென் டிரைவ்

சிறு லேபிள்களில் வினைல் இசைத்தட்டு பற்றிப் பேச்சு வராமல் இருக்காது. இங்கும் வந்தது. அச்சு தயாரிக்கும் செலவு நூறு தட்டுக்கும் முந்நூறு தட்டுக்கும் ஒன்றுதான். பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஏற்றினால் ஒலி மெலியும். அட்டையில் பூஞ்சை பிடிக்கும் ஊர். இவற்றைவிட எளிய காரணம், ஹட்டியில் யாரிடமும் டர்ன்டேபிள் இல்லை. ஜீப்பிலும் வேனிலும் யூஎஸ்பி துளை இருந்தது.

முதல் தொகுதியில் 64 ஜிபி டிரைவ் வாங்கினார்கள். பெரிதாக இருந்தால் நல்லது என்ற நினைப்பு. 32 ஜிபிக்கு மேற்பட்டவற்றில் பல எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பில் வரும்; பழைய வண்டி ஸ்டீரியோ அதைப் படிக்காது. இருநூறில் நாற்பதுக்கு மேல் திரும்பி வந்தன. இப்போது 16 ஜிபி, ஃபேட்32, எம்பி3 320 கேபிபிஎஸ். கோப்புப் பெயர் தமிழில் இருந்தால் பல ஸ்டீரியோவில் கட்டம் கட்டமாகத் தெரியும்; ஆகவே ‘01’, ‘02’ என்று எண் போட்டு ரோமன் எழுத்தில் பெயர். தமிழ்ப் பெயரும் பாட்டு வரிகளும் உடன்வரும் சிறு புத்தகத்தில். உள்ளே ஒரே ஃபோல்டர். துணை ஃபோல்டர் இருந்தால் சில வண்டிகள் முதல் ஃபோல்டரோடு நின்றுவிடும். உறை காகிதம்தான். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தடை இருப்பதால் சுருக்கு உறை போட்ட பெட்டியைப் பண்டிகைக் கடையில் வைக்க முடியாது.

விலை ₹350. ஹெத்தையம்மன் பண்டிகைக் காலத்திலும் கல்யாணங்களிலும் விற்கிறது. பிரதி எடுக்கிறார்கள், தெரியும். புத்தகத்துக்காக மறுபடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

பாடகர் விலகியது

நான்காம் ஆண்டில் ஆட்டப் பாட்டுப் பாடகரை கோவையிலிருந்து ஒரு பெரிய நிறுவனம் அழைத்தது. ஒப்பந்தம் பாட்டுகளைக் கட்டியதே தவிர, ஆளைக் கட்டவில்லை. ஒரே தடை, லேபிளில் பாடிய அதே பாட்டை வெளியீட்டிலிருந்து மூன்றாண்டுக்குள் வேறிடத்தில் மறுபடி பதியக்கூடாது என்பது. அவரை நிறுத்த முன்பணம் கொடுக்கலாமா என்று ஒருநாள் பேசினார்கள். அந்தத் தொகை இரண்டு ஆண்டுப் பதிவுச் செலவுக்குச் சமம் என்றதும் விட்டார்கள். அவர் போனார். புது இடத்தில் வந்த பாட்டுகளைக் கேட்டவர்கள் அவருடைய பழைய பாட்டுகளையும் தேடினார்கள். காலாண்டுக்கு ஒருமுறை அவருக்குக் கணக்குத் தாள் போவது நிற்கவில்லை. தொகை ₹100க்குக் கீழே இருந்தாலும் தாள் போகும், பணம் அடுத்த காலாண்டோடு சேரும். அவர் அனுப்பிவைத்து இரண்டு இளம் பாடகர்கள் பிறகு வந்தார்கள்.

இப்போதைய நிலை

வெளியில் இருப்பவை முப்பத்தாறு பாட்டு. பதிவு பிப்ரவரி முதல் மே வரை, மிக்ஸிங் மழைக்காலத்தில். கோப்பு டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெளியீட்டுக்கு நான்கு வாரம் முன்பே போய்விடும். ஸ்பாட்டிஃபையில் பாட்டைப் பரிந்துரைக்கும் படிவத்தைக் குறைந்தது ஏழு நாள் முன்பு கொடுத்தால்தான் பின்தொடர்பவர்களின் புதுப்பாட்டுப் பட்டியலில் அது இடம்பெறும். பண்டிகைக்கு ஐந்து வாரம் முன் வெளியீடு. கடைசி நேரத்தில் அனுப்பிய பாட்டு பண்டிகை முடிந்து இரண்டு நாள் கழித்து வந்த அனுபவம் மூன்றாம் ஆண்டில் உண்டு.

முழுநேர ஊழியர் ஒருவர். ஒலிப்பதிவாளருக்கு மாதச் சம்பளம் வருகிறது. ஆசிரியை இன்னும் பள்ளி வேலையை விடவில்லை. கோப்புகள் மூன்று இடத்தில்: அறையில் ஒன்று, ஆசிரியை வீட்டில் ஒன்று, கோவையில் ஒன்று. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக் நிமிடத்துக்கு 8.64 எம்பி; பன்னிரண்டு டிராக், ஐந்து நிமிடம் என்றால் ஒரு டேக்குக்கே அரை ஜிபிக்கு மேல். இணையத்தில் ஏற்றக் காத்திருப்பதைவிட மாதம் ஒருமுறை ஹார்ட் டிஸ்க்கைப் பேருந்தில் கொண்டுபோவது வேகம். 2009 நவம்பர் நிலச்சரிவைப் பார்த்த மாவட்டத்தில் எல்லாப் பிரதியையும் மலைமேலேயே வைப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

மாற்ற வேண்டியவை

ஒப்பந்தம் பதிவு நாளன்று, தப்பு காயும் நேரத்திலேயே கையெழுத்தாக வேண்டும். பாட்டு வெளிவந்தபின் கேட்டால் பாடியவர் விலை பேசுகிறார் என்று லேபிளுக்கும், ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று பாடியவருக்கும் தோன்றும். இரண்டு தரப்பிலும் தவறு இருக்காது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர் பாடினால் பெற்றோர் வரும்வரை மைக்கைத் திறக்காமல் இருப்பது நல்லது.

லூப் வேண்டுமென்றால் சொந்தமாக அடித்து எடுத்துக்கொள்ளலாம். ஒருநாள் பதிவில் அறுபது எழுபது தப்பு அடிகளைச் சேர்த்துவிட முடியும். இந்த வேலையை முதல் மாதத்திலேயே செய்திருந்தால் ஆட்டப் பாட்டின் பழைய எண்ணிக்கை போயிருக்காது.

வாரிசுக் கட்டம் ஒன்று பாட்டுச் சீட்டில் இன்னும் இல்லை. நான்காம் ஆண்டின் இறுதியில் தாலாட்டுப் பாடகி காலமானார். அவருக்குச் சேரவேண்டிய தொகை ₹4,180. மூன்று மகன்கள், ஒரு மகள். ஒருவர் கூடலூரில், ஒருவர் இலங்கை ஹட்டனில். யாரிடம் கொடுப்பது என்று அவர் உயிரோடு இருந்தபோது யாரும் கேட்கவில்லை. பணம் தனிக் கணக்கில் கிடக்கிறது. பாட்டுச் சீட்டின் அடுத்த பதிப்பில் நியமனதாரர் பெயர், உறவு, போன் எண் என்று மூன்று வரி சேர்க்க வழக்கறிஞரிடம் கொடுத்திருக்கிறார்கள். ஏற்கெனவே கையெழுத்திட்டவர்களில் அறுபது வயதைத் தாண்டிய பதினோரு பேரை அதற்காக மறுபடி பார்க்க வேண்டும்.